ஒரு சொட்டு ஆயில்: பழைய ஜீப்பின் அடியில் ஒரு வரலாறு

இன்றைக்குப் பேசப்போவது ராஜாவைப் பற்றியும் இல்லை, ஆட்சியைப் பற்றியும் இல்லை. நடுவில் ஒரு உலகப்போர் வந்துபோகும், அவ்வளவுதான். இன்றைக்கு நம்ம கதாநாயகன், வீட்டு வாசலில் விழுந்து கிடக்கிற ஒரு சொட்டு எஞ்சின் ஆயில்.

என் மாமாவிடம் ஒரு பழைய பெட்ரோல் ஜீப் இருந்தது. வீடு போடியில். மலைக்கு மேலே கொஞ்சம் ஏலக்காய். போடிமெட்டுப் பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் அந்த வண்டி பாதித் தூக்கத்திலேயே ஏறிவிடும் என்பார் மாமா. ஆனால் ராத்திரி வாசலில் நிறுத்தினால், விடியும்போது தரையில் ஒரு கறுப்பு வட்டம் இருக்கும். அத்தை கோலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போட ஆரம்பித்து, கடைசியில் பக்கத்து வீட்டு எல்லைக்கே போய்விட்டார்கள்.

மாமா ஒரு பட்டறையில் வண்டியை விட்டார். "பின்பக்க ஆயில் சீல் போயிருச்சு" என்றார்கள். கியர்பாக்ஸை இறக்கி, சம்ப்பைக் கழற்றி, புது சீல் போட்டார்கள். பத்து நாள் வாசல் சுத்தமாக இருந்தது. பதினோராவது நாள் வட்டம் திரும்ப வந்தது. மறுபடியும் இறக்கினார்கள், மறுபடியும் சீல், மறுபடியும் வட்டம். இரண்டாவது தடவை கூலி, சாமான் எல்லாம் சேர்த்து, அந்த வருஷ ஏலக்காயில் ஒரு நல்ல பங்கு போய்விட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த இரண்டு சீலும் நல்ல சீல்கள்தான். மாட்டின விதத்திலும் பெரிய தப்பு இல்லை. அப்படியானால் ஏன் ஒழுகியது? இதற்குப் பதில் சொல்ல, எஞ்சினுக்குள்ளே ஆயிலை நிறுத்தி வைக்க மனிதர்கள் இந்த நூறு வருஷமாக என்னென்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டும். அதுதான் இன்றைய எபிசோடு.

சுழலுகிற தண்டுக்கு எப்படி அடைப்பு போடுவது?

முதலில் பிரச்சினை என்னவென்று பார்ப்போம். ஒரு பெட்டிக்குள் எண்ணெய் இருக்கிறது. அந்தப் பெட்டியின் சுவரில் ஒரு ஓட்டை. ஓட்டை வழியாக ஒரு இரும்புத் தண்டு வெளியே வர வேண்டும். தண்டு நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுற்ற வேண்டும். ஆனால் எண்ணெய் வெளியே வரக் கூடாது. இறுக்கிப் பிடித்தால் தண்டு சூடேறித் தேயும். தளர்வாக விட்டால் எண்ணெய் ஒழுகும்.

மாட்டு வண்டியில் இந்தப் பிரச்சினையே கிடையாது. அச்சில் வண்டி மை தடவுவோம். அது கசிந்து போகும். மறுபடி தடவுவோம். ஆரம்ப கால மோட்டார் வண்டிகளிலும் மோட்டார் சைக்கிள்களிலும் பல இதே கணக்கில்தான் ஓடின. மேலேயிருந்து எண்ணெய் சொட்டுச் சொட்டாக உள்ளே போகும், வேலையை முடித்துவிட்டு எரிந்தோ ஒழுகியோ போய்விடும். அது கோளாறு இல்லை, எஞ்சினின் ஏற்பாடே அதுதான். சாலையெல்லாம் எண்ணெய்க் கோடு போட்டுக்கொண்டே போனார்கள்.

பிறகு, ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடும் எஞ்சின்கள் வந்தன. கீழே சம்ப், அதிலிருந்து பம்ப், பம்பிலிருந்து பேரிங், பேரிங்கிலிருந்து திரும்பச் சம்ப். இப்போது எண்ணெயை உள்ளேயே வைத்திருக்க வேண்டிய கட்டாயம் வந்தது. இதற்கு எஞ்சின்காரர்கள் கண்டுபிடித்த முதல் வழி அடைப்பதே இல்லை. திருப்பி அனுப்புவதுதான்.

கிராங்க் தண்டின் பின்முனைக்குச் சற்று முன்னால் ஒரு வட்ட விளிம்பு வைத்தார்கள். தண்டு சுற்றும்போது, அதன் வழியாக வழிந்து வருகிற எண்ணெய் அந்த விளிம்புக்கு வந்ததும் வெளிப்பக்கமாக வீசி எறியப்படும். எறியப்பட்ட எண்ணெய் ஒரு பள்ளத்தில் விழுந்து சம்ப்புக்கே திரும்பிவிடும். ஈர நாய் உடம்பை உதறுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு வழி, தண்டின் மேலேயே திருகு மாதிரி மரை வெட்டுவது. தண்டு சுற்றச் சுற்ற அந்த மரை எண்ணெயை உள்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். நம்ம ஊர் பெட்ரோல் அம்பாசடரில் பல வருஷம் இருந்த பிரிட்டிஷ் பி சீரிஸ் எஞ்சினின் பின்முனையில் இந்த மாதிரி மரைதான். ரப்பர் சீல் என்று ஒன்று அங்கே இல்லை.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்க. எஞ்சின் ஓடினால்தான் மரை வேலை செய்யும். நிறுத்தினதும் மிச்சமிருக்கிற எண்ணெய் மெல்ல வெளியே வரும். அம்பாசடர் நிறுத்தியிருந்த இடத்தில் ஒரு சின்னக் கறை இல்லாமல் நம்மில் எத்தனை பேர் பார்த்திருப்போம்?

தோல் பதனிட்டவர்கள் சீல் செய்ய வந்த கதை

திருப்பி அனுப்பிய பிறகும் தப்பி வருகிற எண்ணெய்க்கு ஒரு காவல் வேண்டும். அதற்கு இரண்டு பொருள்கள் பயன்பட்டன. ஒன்று கயிறு, இன்னொன்று தோல்.

கயிறு என்றால் நூலையோ ஆஸ்பெஸ்டாஸ் நாரையோ பின்னி, கிராஃபைட் ஏற்றின கயிறு. மெக்கானிக்குகள் இன்றைக்கும் ரோப் சீல் என்பார்கள். பேரிங் கேப்பில் ஒரு பள்ளம் இருக்கும். கயிறை எண்ணெயில் ஊறவைத்து, அந்தப் பள்ளத்தில் உருண்டையான கட்டையால் உருட்டி அழுத்தி உட்கார வைக்க வேண்டும். முனையை வெட்டுவதில்தான் கைவேலை இருக்கிறது. மட்டமாக வெட்டினால் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் சேரும் இடத்தில் இடுக்கு விழும். அதிகமாக நீட்டிவிட்டால் கேப் சரியாக உட்காராது. ஒரு மயிரிழை நீட்டி வெட்ட வேண்டும்.

தோலின் கதை இன்னும் சுவாரசியம். ஜெர்மனியில் வைன்ஹைம் என்று ஒரு ஊர். அங்கே 1849இல் தொடங்கிய ஃப்ராய்டன்பெர்க் நிறுவனம் தோல் பதனிடும் தொழிலில் இருந்தது. 1929க்குப் பிறகு வந்த பொருளாதாரச் சரிவில் தோல் வியாபாரம் படுத்தது. கையில் இருக்கிற தோலை வேறு என்ன செய்யலாம் என்று யோசித்து, இயந்திரங்களுக்குத் தோல் அடைப்புகள் செய்ய ஆரம்பித்தார்கள். வால்டர் சிம்மர் என்ற பொறியாளர் அங்கே உருவாக்கிய சுழல் தண்டு சீலுக்கு அவர் பெயரிலேயே சிம்மரிங் என்று பெயர் நின்றுவிட்டது. கடலுக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவில், 1878இல் தொடங்கிய சிகாகோ ராஹைடு நிறுவனத்தின் கதையும் ஏறக்குறைய இதேதான். தொழிற்சாலைகளுக்குத் தோல் பெல்ட் செய்தவர்கள், 1920களின் இறுதியில் மோட்டார் வண்டிகளுக்கு ஆயில் சீல் செய்பவர்களாக மாறினார்கள். இன்றைக்கு நம்ம கையில் இருக்கிற ரப்பர் ஆயில் சீலுக்கு முப்பாட்டன், பதனிட்ட மாட்டுத் தோல்.

தோலுக்கு ஒரு குறை உண்டு. சூடு தாங்காது. காய்ந்து விறைத்து வெடித்துவிடும். சரி, ரப்பர் போடலாமே என்றால், மரத்தில் இருந்து வடிக்கிற ரப்பர் இந்த வேலைக்கு ஆகாது. ஒரு ரப்பர் பேண்டை எஞ்சின் ஆயிலில் போட்டுச் சில நாள் விட்டுப் பாருங்க. ஊறிப் பெருத்து, இழுத்தால் அறுந்துவிடும். மலாயாத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் விடிவதற்கு முன்னால் எழுந்து சீவி எடுத்த ரப்பர், டயருக்கு உயிர் கொடுத்தது. ஆனால் எஞ்சின் எண்ணெயின் முன்னால் அது நிற்கவில்லை.

எண்ணெயைத் தாங்கும் ரப்பர் சோதனைச் சாலையில்தான் பிறந்தது. அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் 1931இல் நியோப்ரீனை அறிவித்தது. ஜெர்மனியில் 1930களில் நைட்ரைல் ரப்பர் வந்தது. 1942இல் மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பான் கைக்குப் போனதும் அமெரிக்காவுக்கு இயற்கை ரப்பர் வரும் வழி அடைபட்டது. செயற்கை ரப்பர் செய்வது போர்க்கால அவசரமாகிவிட்டது. போர் முடிந்தபோது, சீலுக்கு ஏற்ற ரப்பர் வகைகள் பெரிய அளவில் கிடைக்க ஆரம்பித்திருந்தன.

ஜீப் வருகிறது

இப்ப நம்ம கதாநாயகனின் வீட்டுக்கு வருவோம். 1940 கோடையில் அமெரிக்க ராணுவம் ஒரு சிறிய நான்கு சக்கர இயக்க வண்டிக்கு அழைப்பு விட்டது. பாண்டம் என்ற சிறு நிறுவனம் 49 நாளில் மாதிரி வண்டியைச் செய்து, செப்டம்பர் 23 அன்று கொண்டுபோய் நிறுத்தியது. ஆனால் பெரிய ஆர்டர் வில்லிஸுக்கும், பிறகு ஃபோர்டுக்கும் போனது. போர் முடிவதற்குள் இருவரும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் ஜீப் கட்டினார்கள்.

வில்லிஸ் ஜெயித்ததற்குப் பெரிய காரணம் அதன் எஞ்சின். கோ டெவில் என்று செல்லப் பெயர். 2.2 லிட்டர், நான்கு சிலிண்டர், 60 குதிரைத்திறன். இது புதிதாகப் பிறந்த எஞ்சின் இல்லை. 1920களில் விப்பெட் என்ற சிறு காரில் இருந்த எஞ்சினின் வாரிசு. டெல்மார் ரூஸ் என்ற பொறியாளர் 1938க்குப் பிறகு அதை இழைத்து இழைத்து, 48 குதிரைத்திறனில் இருந்து 60க்குக் கொண்டுவந்தார். வலு கூடியது. ஆனால் பின்முனையில் எண்ணெயை நிறுத்துகிற விதம் அந்தப் பழைய காலத்து விதம்தான்: ஒரு வீசும் விளிம்பு, அதன் பின்னால் ஒரு ரோப் சீல். பின்னாளில்தான் கயிறுக்குப் பதிலாக இரண்டு பாதிகளாக வரும் ரப்பர் சீல் வந்தது.

இந்த எஞ்சினில் வால்வு அமைப்பை மாற்றி, ஹரிகேன் என்று ஒரு பதிப்பு 1950இல் வந்தது. அது உயரமான எஞ்சின். அது அடங்குவதற்காக பானெட்டை உயர்த்தினார்கள். அப்படித்தான் 1953இல் சிஜே 3பி பிறந்தது. நம்ம ஊர் கண்ணுக்கு ஜீப் என்றால் அந்த உயர்ந்த மூக்குத்தான். அமெரிக்காவில் 1968இல் அது நின்றுபோனது. ஆனால், 1940களின் இறுதியில் மும்பையில் ஜீப் பூட்டத் தொடங்கியிருந்த மஹிந்திரா அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் அந்த உருவத்தை விடவில்லை. அதனால்தான், டெட்ராய்ட் பக்கத்தில் 1920களில் யோசித்த ஒரு யோசனை போடிமெட்டு வளைவில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

சொட்டைப் பார்க்கச் சொன்ன ராணுவம்

ஜீப் ஒழுகும் என்பது ராணுவத்துக்குத் தெரியாததில்லை. 1944இல் வெளியான ஜீப் கையேட்டில், ஓட்டுநர் வண்டியை எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் உண்டு. அதில் ஒன்று, குனிந்து வண்டிக்கு அடியில் தரையைப் பார்ப்பது. பெட்ரோலா, எண்ணெயா, தண்ணீரா, எது சிந்தியிருக்கிறது என்று பார்ப்பது. மெக்கானிக் வேலை இல்லை இது, ஓட்டுகிறவனின் தினசரிக் கடமை.

இதைச் சிப்பாய்களின் மண்டையில் ஏற்றுவதற்குப் படக்கதையையே பயன்படுத்தினார்கள். அமெரிக்கப் படக்கதை உலகின் பெரிய பெயரான வில் ஐஸ்னர், ராணுவத்தில் இருந்தபோது ஆர்மி மோட்டார்ஸ் என்ற பத்திரிகைக்காக ஜோ டோப் என்று ஒரு பாத்திரத்தை வரைந்தார். வண்டியை ஒழுங்காகப் பராமரிக்காமல் எப்போதும் மாட்டிக்கொள்கிற அசட்டுச் சிப்பாய். 1951இல் தொடங்கிய பிஎஸ் என்ற ராணுவப் பராமரிப்பு இதழிலும் ஐஸ்னர் இதே வேலையை இருபது வருஷம் செய்தார்.

வண்டியிலேயே இதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. கிளட்ச்சும் ஃப்ளைவீலும் இருக்கிற பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு சின்னத் துளை. ஆற்றைக் கடக்கும்போது தண்ணீர் ஏறாமல் இருக்க அதில் ஒரு திருகு மாட்டலாம். லேண்ட் ரோவரிலும் இதே கதைதான். கடந்து முடித்ததும் திருகைக் கழற்றிவிட வேண்டும். ஏன்? சீலைத் தாண்டி வந்த எண்ணெய் உள்ளே தேங்கி கிளட்ச் பிளேட்டை நனைக்காமல் கீழே வடிந்துவிட வேண்டும். வடிந்தால்தான் நம்ம கண்ணுக்கும் படும். ஒழுகல் நின்றுவிட்டது என்று சந்தோஷப்பட்டு அந்தத் துளையை எம்-சீல் போட்டு அடைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த மலை ஏற்றத்தில் கிளட்ச் வழுக்கும்போதுதான் தெரியும். எஞ்சின் கத்தும், வண்டி நகராது. பின்னால் பள்ளம்.

மூச்சு

சரி, மாமாவின் ஜீப்புக்கு வருவோம். மூன்றாவது ஆளாக வந்தவர் ஊரில் ஒரு வயசான மெக்கானிக். மாமாவைவிடப் பத்து வயசு பெரியவர். அவர் ஸ்பேனரைக் கையில் எடுக்கவில்லை. முதலில் கேட்டது மண்ணெண்ணெயும் ஒரு பழைய பிரஷ்ஷும்.

"தம்பி, அழுக்கோட இருக்கிற வண்டியில ஒழுகலைத் தேடுறது, அடைமழையில ஓட்டு வீட்டில எந்த ஓடு உடைஞ்சிருக்குன்னு தேடுற மாதிரி. முதல்ல காயணும்."

எஞ்சினை முழுக்கக் கழுவித் துடைத்தார்கள். பிறகு அத்தையிடம் முகப் பவுடர் டப்பா வாங்கி, எஞ்சினின் பக்கவாட்டிலும் பின்பக்கத்திலும் தூவினார். எண்ணெய் வந்த வழி வெள்ளைப் பவுடரில் கறுப்புக் கோடாகத் தெரியும். கீழே ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்தார். மாமாவை வண்டியை ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டிவரச் சொன்னார்.

வந்ததும் டார்ச் அடித்து மேலேயிருந்து கீழே பார்த்தார். இங்கேதான் முக்கியமான பாடம். எண்ணெய் கீழ்நோக்கி ஓடும். வண்டி ஓடும்போது அடிக்கிற காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். ஆகவே எங்கே ஒழுகினாலும் கடைசியில் சொட்டுவது பின்பக்கம், பெல் ஹவுசிங் அடியில்தான். சொட்டுகிற இடத்தை வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது. நனைந்திருக்கிற இடங்களில் எது மிக மேலே, மிக முன்னே இருக்கிறதோ அதுதான் சந்தேக நபர்.

இந்த எஞ்சினில் சந்தேக நபர்கள் நிறைய. மேலே டேப்பட் கவரின் பேக்கிங். பக்கவாட்டில் இன்னொரு வால்வு மூடி. பெட்ரோல் பம்ப் உட்காரும் இடம். ஆயில் ஃபில்டருக்குப் போகும் குழாய்கள். சம்ப்பின் தக்கை பேக்கிங். பெல் ஹவுசிங்குக்கு உள்ளேயும் சீல் ஒன்றே குற்றவாளி என்று சொல்ல முடியாது. கேம் தண்டின் பின்முனையில் இருக்கிற தகடு மூடியில் இருந்தும் எஞ்சின் ஆயில் வரலாம். கியர்பாக்ஸின் முன்பக்கத்தில் இருந்தும் வரலாம். கியர் ஆயில் என்றால் விரலில் தொட்டு முகர்ந்தாலே தெரியும், கெட்டியாக, கந்தக வாடையோடு இருக்கும்.

மாமா வண்டியில் ஆச்சரியம் என்னவென்றால், எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் நனைந்திருந்தது. டேப்பட் கவர், பக்க மூடி, சம்ப், பின்பக்கத் துளை. ஏழெட்டு வாசல் உள்ள வீட்டில் எல்லாக் கதவும் ஒரே நாளில் இற்றுப்போகுமா? பெரியவர் அங்கேதான் நிறுத்தினார்.

"சீல் போகலை தம்பி. வண்டிக்கு மூச்சு முட்டுது."

இந்த மூச்சுக்கும் ஒரு வரலாறு இருக்கு. எந்தப் பிஸ்டன் ரிங்கும் நூற்றுக்கு நூறு அடைக்காது. எரிந்த வாயுவில் கொஞ்சம் ரிங்கைத் தாண்டிக் கீழே, கிராங்க் இருக்கிற அறைக்குள் இறங்கும். அது வெளியே போக வழி வேண்டும். பழைய கார்களில் இதற்கு, எஞ்சினில் இருந்து தரையை நோக்கித் தொங்குகிற ஒரு திறந்த குழாய் இருக்கும். வண்டி வேகமாகப் போனால் காற்று அந்தக் குழாயின் வாயில் உரசிப் புகையை உறிஞ்சி எடுக்கும். மெதுவாகப் போனால் உறிஞ்சாது. ஆறும் சேறும் தூசியுமாக ஓட வேண்டிய ராணுவ வண்டிக்கு இது சரிப்படாது. ஆகவே போர்க்கால ஜீப்பில் வேறு ஏற்பாடு. ஏர் கிளீனரில் இருந்து சுத்தமான காற்று ஒரு குழாய் வழியாக ஆயில் ஊற்றும் குழாய்க்குள் வரும். எஞ்சினுக்குள் இருக்கும் புகை, ஒரு சின்ன வால்வு வழியாக இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போய், பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துவிடும்.

போருக்காக வந்த அந்தச் சின்ன வால்வு, பிறகு ஊர் மூச்சுக்காகவும் வந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் புகைமூட்டத்தில் திணறியபோது, அதற்கு வாகனப் புகையும் காரணம் என்று 1950களில் ஹாகன் ஸ்மிட் என்ற வேதியியலாளர் காட்டினார். எஞ்சின் அறையில் இருந்து திறந்த குழாயில் வெளியேறிய எரியாத பெட்ரோல் ஆவியும் அதில் சேர்த்தி. 1961 மாடல் புதுக் கார்களுக்குக் கலிஃபோர்னியாவில் இந்த வால்வு கட்டாயமாயிற்று. நம்ம மெக்கானிக்குகள் இன்றைக்குப் பிசிவி வால்வு என்று சொல்வது அதைத்தான்.

இந்த மூச்சு அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். அழுத்தம் எந்த இடுக்கு கிடைக்கிறதோ அதன் வழியாக எண்ணெயைத் தள்ளும். வீசும் விளிம்பு, திருப்பி அனுப்பும் மரை, ரோப் சீல், எல்லாமே உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் என்ற நம்பிக்கையில் செய்தவை. ரப்பர் சீலும் அப்படியே. 1957இல் ஜாகர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் ஒன்றைக் காட்டினார். ரப்பர் சீலின் உதடு தண்டை வறட்டுத்தனமாக உரசிக்கொண்டு நிற்பதில்லை. நடுவில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கிறது, அதன் மேல்தான் உதடு மிதக்கிறது. நல்ல சீல், அந்தப் படலத்தில் வெளியே வரப்பார்க்கும் எண்ணெயைத் தொடர்ந்து உள்ளே திருப்பிக்கொண்டே இருக்கும் என்பது அதற்குப் பிந்தைய ஆய்வுகளில் தெரிந்தது. பார்த்தீங்களா? விளிம்பில் ஆரம்பித்து ரப்பர் வரைக்கும் யோசனை ஒன்றுதான். அடைப்பது இல்லை, திருப்பி அனுப்புவது.

பெரியவர் எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் குழாயின் மூடியைத் திறந்தார். புஸ்ஸென்று புகை வந்தது. வால்வைக் கழற்றினார். உள்ளே கரி கெட்டித்துக் கல்லாக இருந்தது. ஏர் கிளீனரில் இருந்து வர வேண்டிய குழாயையே காணோம். அந்த வாயில் ஒரு மரக் கட்டை செருகி, மேலே துணி சுற்றியிருந்தது.

"இந்தக் கட்டையை யார் வச்சது?"

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் என் பக்கம் திரும்பி, "மாப்ள, அது நான்தான்டா வச்சேன்" என்றார். ஏதோ ஒரு வருஷம் அந்தக் குழாய் விரிசல் விட்டு எண்ணெய்ப் புகை கக்கியிருக்கிறது. கழற்றி வீசிவிட்டு அடைத்திருக்கிறார். ஒரு சின்ன ஒழுகலை நிறுத்தப்போய் எல்லா ஒழுகலையும் வரவைத்திருக்கிறார். பட்டறைக்காரர்கள் கீழே பார்த்தார்களே தவிர, மேலே யாரும் பார்க்கவில்லை.

பழுது பார்த்தது

வால்வை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுச் சுத்தம் செய்தார். குழாய்க்குப் புது ஹோஸ் போட்டார். அதோடு விட்டாரா என்றால், இல்லை. ரிங் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கம்ப்ரஷன் பார்த்தார். நான்கு சிலிண்டரும் வயசுக்கு ஏற்ற மாதிரி, ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தன. ரிங் மோசமாகப் போயிருந்தால் எத்தனை மூச்சு வழி திறந்தாலும் போதாது.

டேப்பட் கவருக்கும் சம்ப்புக்கும் புதுத் தக்கை பேக்கிங். இங்கே ஒரு நுணுக்கம். இறுக்கினால் ஒழுகாது என்று போல்ட்டைப் போட்டு முறுக்கு முறுக்கென்று முறுக்கியிருந்ததால், சம்ப் தகட்டில் போல்ட் ஓட்டையைச் சுற்றி உள்வாங்கியிருந்தது. ஓட்டைக்கு ஓட்டை நடுவில் தகடு தூக்கிக்கொண்டு நிற்கும், அங்கே ஒழுகும். தகட்டைத் திருப்பிப் போட்டுச் சின்னச் சுத்தியால் தட்டி மட்டமாக்கினார். பிறகு எதிரெதிர் போல்ட்டாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். பேக்கிங் பிதுங்கினால் அதிகம் என்று அர்த்தம்.

சம்ப் கீழே இறங்கியிருந்ததால் பின்பக்கப் பேரிங் கேப்பையும் பார்த்தார். கேப்பின் இரண்டு பக்கமும் குச்சி மாதிரி இரண்டு ரப்பர் பேக்கிங் உண்டு. இவை கேப்பின் அடியில் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். சம்ப் ஏறும்போது அழுந்தி இடுக்கை நிரப்பும். மட்டமாக வெட்டிவிட்டால் போயிற்று, சீல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் எண்ணெய் பக்கவாட்டில் வரும். கிராங்க்கை ஆட்டிப் பார்த்தார். பேரிங் தேய்ந்து தண்டு ஆடினால் எந்தச் சீலும் நிற்காது. ஆட்டம் இல்லை. பட்டறையில் போட்ட சீலை அப்படியே விட்டுவிட்டார்.

பழைய ரோப் சீலை எடுக்க நேர்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு. காய்ந்த தூசியைக் காற்றடித்து ஊதாதீங்க. ஈரமாக்கித் துடைத்து எடுங்க.

அடுத்த நாள் காலையில் அட்டையில் மூன்று சொட்டு இருந்தது. எனக்கு ஏமாற்றம். பெரியவர் சிரித்தார். சுமார் 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி லிட்டர். தினம் மூன்று சொட்டு என்றால் மாதத்துக்கு ஐந்து மில்லிகூட இல்லை. சுமார் 4 லிட்டர் எண்ணெய் பிடிக்கிற எஞ்சினுக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் நிற்கும்போது விழுகிற சொட்டு முழுக் கணக்கு ஆகாது, ஓடும்போது எவ்வளவு போகிறது என்பதை டிப் ஸ்டிக்தான் சொல்லும். அதைத்தான் வாரம் ஒருமுறை பார்க்கச் சொன்னார். மூன்று சொட்டு முப்பதாக மாறினால் கூப்பிடச் சொன்னார்.

மாமா அன்றைக்குப் பிறகு, வண்டி எடுக்கும் முன்னால் குனிந்து அட்டையைப் பார்க்காமல் சாவியைத் திருகியதில்லை. 1944 கையேடு சிப்பாயைச் செய்யச் சொன்னது அதைத்தான், அவருக்கு அது தெரியாது. இரண்டு சீலுக்குச் செலவான பணத்தைப் பற்றி அவர் மறுபடி பேசியதே இல்லை. அந்த மரக் கட்டையை மட்டும் டேஷ்போர்டில் வைத்திருந்தார்.

அத்தையின் கோலம் கொஞ்சம் கொஞ்சமாக வாசலுக்குத் திரும்பி வந்தது.

உங்கள் வீட்டில் பழைய ஜீப் இருந்து, அது ஒழுகினால், சீல் வாங்கப் போவதற்கு முன்னால் கழுவுங்க, காயவிடுங்க, மேலேயிருந்து பாருங்க. அது மூச்சு விடுகிறதா என்று பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திக்கலாம்.